அடுத்த கம்பம்

காலையில் படகில் ஏறியதுமே தம்பி தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினான். “கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?” என்று அக்கா கேலி செய்தாள். அவனும் சிரித்தான். அவளுடைய கவலையெல்லாம் வேறு. நாளைக்குத் தன் மகளை ஏற்றிக்கொண்டு கால்வாய் வழியே முகத்துவாரம் வரை போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான் இவன். இவன் மனைவிக்கோ பயம். “நீங்க ஒருநாள் அவரு கூடப் போயிட்டு வந்து சொல்லுங்க அண்ணி. நீங்க சரின்னா பாப்பாவ அனுப்புறேன்” என்று பொறுப்பை அக்கா தலையில் கட்டிவிட்டாள். நல்ல ஆளைப் பிடித்தாள் போங்கள்! இவளுக்கு நீச்சலே தெரியாது.

கால்வாய் பார்க்கத்தான் அகலம். நடுவில் மட்டும்தான் ஆழம், இருபுறமும் முழங்கால் தண்ணீருக்கு அடியில் சேறு. வழிகாட்ட ஆங்காங்கே கம்பம் நட்டிருந்தார்கள். சிவப்பை இடப்பக்கமும் பச்சையை வலப்பக்கமும் விட்டுப் போக வேண்டும், மாறினால் தரைதட்டும். “சும்மாதான உக்காந்திருக்க? நெறத்தச் சொல்லிட்டே வா” என்றான் தம்பி, சுக்கானைப் பிடித்தபடி. தையற்கடையில் நாளெல்லாம் நூல்கண்டோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு இது ஒரு வேலையா? “சிவப்பு… பச்சை… மறுபடி சிவப்பு…” என்று குஷியாகக் கத்திக்கொண்டு வந்தாள். பாய் புடைத்து நின்றது. பயம்கூடக் கொஞ்சம் தெளிந்தது.

பையிலிருந்து ரொட்டியை எடுக்கக் குனிந்தவள் ஒரு கம்பத்தைச் சொல்ல மறந்துபோனாள்.

“அக்கா! என்ன நெறம்?”

“எதுக்கால தான இருக்கு.”

“சொல்லு, சொல்லு!”

நிமிர்ந்தாள். பறவை எச்சம்கூடத் தெரியும் தூரத்தில் பச்சைக் கம்பம். சொன்னாள். படகு விலகியது. அவளுக்கு மட்டும் காலையில் கோப்பைக்கு வெளியே போன தேநீர் ஞாபகம் வந்தது. சேச்சே, அப்படியெல்லாம் இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டால் மனசு கேட்டால்தானே?

அடுத்த கம்பம் பளிச்சென்று சிவப்பு. அவள் வேண்டுமென்றே, “பச்சை” என்றாள்.

சிரிப்பான், திட்டுவான், விளையாடாதே என்பான். அப்படித்தான் நம்பினாள், பாவி. அவனோ கொஞ்சமும் யோசிக்காமல் படகை இடப்பக்கம் திருப்பினான். அடியில் கரகரவென்று எதுவோ உரசியது.

“சிவப்புடா! சிவப்பு!”

அவன் சுக்கானை வெட்டித் திருப்பினான். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, இழுத்து, எப்படியோ ஆழத்துக்கு வந்தது. கயிற்றைத் தளர்த்தியதும் பாய் படபடவென்று அடித்துக்கொண்டது.

“எப்போலேருந்துடா?”

“மழைக்காலத்துக்கு முன்னாடியே. ஓரமெல்லாம் தெரியுது. நேரா பாக்குற எடத்துல மட்டும் பொகை மாதிரி. நெறமே பிடிபடல.” கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டிக்கொண்டே, “அவகிட்ட சொல்லிடாதக்கா. பாப்பாவுக்கு வாக்குக் குடுத்துட்டேன். நீயும் நாளைக்குக் கூட வந்தா போதும்” என்றான்.

அவளுக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. அதற்குள் கைப்பேசி அடித்தது. அவன் மனைவிதான்.

“அண்ணி, எப்படி இருந்துச்சு? அனுப்பலாமா? பாப்பா பைய கட்டி வெச்சிட்டு வாசல்லயே உக்காந்திருக்கா.”

தம்பி அவளைத்தான் பார்த்தான். ஆனால் அந்தப் பார்வை அவள் காதுக்குச் சற்றுத் தள்ளிப் போய் நின்றது. முன்னால் அடுத்த கம்பம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் நகர்ந்து வந்து, சுக்கான்மேல் இருந்த அவன் கைமீது தன் கையை வைத்தாள்.

கைப்பேசியில் இப்போது வேறு குரல். “அத்தை, நாளைக்கு நான் எந்தப் பக்கம் உக்காரணும்?”