வெந்நீர் ஊற்றிய பாத்தி

1

இந்தக் கதை ஒரு வாளியிலிருந்து வந்தது. அடுத்த வீட்டில் இலைதழையை மக்க வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், நாறப்போகிறதே என்று சண்டைக்குப் போனேன். மூடியைத் திறந்து காட்டினார்கள். மழை விழுந்த மண்ணின் வாசனை. "ஒரு பிடிக்குள்ள கோடி உசுரு இருக்கு" என்றார்கள். கண்ணுக்குத் தெரியாததை நான் லேசில் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் அன்றைய பகல் தூக்கத்தில் ஒருத்தி வந்து நின்றாள்.

2

தொடக்கம் ஒன்று: விடியலின் பொன்னொளியில் அவள் மெல்ல—

பொன்னாவது ஒளியாவது. அடித்தாயிற்று.

தொடக்கம் இரண்டு: ஆஸ்பத்திரியில் கத்தி, கத்தரிக்கோலையெல்லாம் கொதிக்க வைத்துக் கிருமி நீக்குவது அவள் வேலை. எல்லோருக்கும் வெந்நீரக்கா. ஓய்வு பெற்றதும் வாடகை வீட்டின் பின்புறம் ஒரு பாத்தி கட்டினாள். வீட்டுக்காரர் அரை மனதாகத்தான் விட்டார்; ஒன்றும் விளையாவிட்டால் சிமென்ட் பூசி வண்டி நிறுத்துவாராம். "இத்தனை காலம் கொன்னாச்சு. ஒண்ணாவது என் கையால வளரட்டும்" என்றாள்.

இது நிற்கும். வைத்துக்கொள்வோம்.

3

இங்கேதான் அவள்மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு கெட்டிக்காரி இப்படிச் செய்வாளா? செய்வாள், கைப்பழக்கம். விதைக்குமுன் பாத்தி முழுக்கக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினாள். அதன்மேல் கிருமிநாசினி. அவரை முளைத்தது, சாண் உயரத்தில் மஞ்சளடித்து நின்றுவிட்டது.

"என்னக்கா, பாத்தியில ஆபரேஷனா பண்ணப் போறீங்க?" என்றாள் அவளுடைய தம்பி மனைவி, மக்கிய எரு வாளியை இறக்கியபடி.

"கிருமி இல்லாம சுத்தமா இருக்க வேணாமா?"

"சுத்தமாத்தான் இருக்கு, அடுப்பு மூட்ட ஆளில்லாத வீடு மாதிரி. சருகைச் செரிச்சு வேருக்கு ஊட்டுறதே அதுங்கதான்."

"எனக்கே பாடம் எடுக்குறியாடி?"

"எடுக்கல. கையுறையைக் கழட்டுங்க."

(தம்பி மனைவி அதிகம் பேசுகிறாள். எல்லாம் தெரிந்தவர்களை எனக்குப் பிடிக்காது. போன வருஷம் அவள் செடியும் பட்டுப்போனது என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.)

4

வெந்நீரக்கா வெறுங்கையால் எருவை மண்ணில் கலந்தாள். வெயில் இதமாக முதுகில் ஏற, கண் சொக்கியது. மண்ணுக்குள் முடியைவிட மெல்லிய வெள்ளைப் பூஞ்சை நூல்கள் வேரைத் தேடிப் போயின. வேர் இனிப்புக் கொடுத்தது. நூல், வேருக்கு எட்டாத ஈரத்தை இழுத்து வந்து கொடுத்தது. வேரின் சின்ன முடிச்சுகளுக்குள் உட்கார்ந்து யாரோ காற்றைப் பிடித்து உரமாக்கிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் ஒரு சலசலப்பு.

"வெந்நீரக்கா வந்துட்டாங்க, ஓடுங்க!"

"இருங்கப்பா," என்றாள். "இன்னிக்கு வெறுங்கையோடதான் வந்திருக்கேன்."

(இதையெல்லாம் நான் பார்த்ததில்லை. வெந்நீரக்காவையும்தான் பார்த்ததில்லை, அவளை நம்பிவிட்டேனே.)

5

முடிவு ஒன்று: மறுநாள் காலையில் செடியெல்லாம் பச்சைப் பசேல். பொய். மண்ணுக்கு அவசரம் தெரியாது.

முடிவு இரண்டு: சிமென்ட் பூசிவிட்டார்கள். அதற்கடியில் அந்த நூல்கள்—

எழுத மனம் வரவில்லை.

ஆனால் வீட்டுக்காரர் சிமென்ட் மூட்டையோடு வந்துவிட்டார்.

"இலை இன்னும் மஞ்சளாத்தானேம்மா இருக்கு?"

"ஆமா சார். உள்ள வேலை நடக்குது."

"எங்க, காட்டுங்க பார்ப்போம்."

எதைக் காட்டுவாள்? மண் ஒட்டிய கையை நீட்டியபடி நிற்கிறாள். அவரும் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அடுத்த வரி வீட்டுக்காரருடையது. நான் எழுதினால் மூட்டையைப் பிரிக்கச் சொல்லிவிடுவேன். என் குணம் அப்படி. பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.