புது எஸ்எஸ்டிக்கு ஒரு பரீட்சை

கம்ப்யூட்டர் கடை திறந்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது. கடைக்கார அண்ணன் இன்னும் விளக்குகளைப் போட்டு முடிக்கவில்லை. நான் கண்ணாடி அலமாரியின் முன் நின்றேன்.

"வந்துட்டியா?" என்றார். "ஒரு வாரமா தொட்டில்ல பிள்ளையைப் பார்க்கிற மாதிரி எட்டி எட்டிப் பார்க்கிற. வாங்கவும் மாட்டேங்கிற, விட்டுப் போகவும் மாட்டேங்கிற."

"அக்கா சரின்னு சொல்லணும்ண்ணா."

"உங்க அக்காவா? மவுஸ் வாங்க வந்து என்னை ஒரு மணி நேரம் குறுக்கு விசாரணை பண்ணாங்க. கடைசியில பழைய மவுஸையே துடைச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

அலமாரியைத் திறந்தார். கறுப்பாக, சூயிங்கம் பட்டை அளவில் இருந்தது அந்த எஸ்எஸ்டி, கணினிக்குள் கோப்புகளைச் சேமித்துவைக்கும் துண்டு. முதுகில் வரிவரியாக ஒரு உலோகத் தகடு. கடையில் இருந்ததிலேயே வேகமானது. விலையும் அதற்கு ஏற்றபடி.

"மத்தியானம் வரைக்கும் வச்சுக்க. போட்டுப் பாரு. பிடிக்கலேன்னா ஸ்டிக்கர் கிழியாம திரும்பி வரணும். ஒண்ணுதான் இருக்கு, இன்னொருத்தரும் கேட்டுட்டிருக்கார்."

நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. தெருமுனை வரை ஓடினேன். அப்புறம்தான் கைப்பையைக் கடையிலேயே வைத்துவிட்டது தெரிந்தது. திரும்பி ஓடினேன். அண்ணன் பையை நீட்டியபடி வாசலிலேயே நின்றிருந்தார்.

எங்கள் ஸ்டூடியோ இரண்டாவது மாடியில். கீழே மெத்தைக் கடை. இரண்டு அறைகள். ஒன்றில் நான் வீடியோ எடிட் செய்வேன். மற்றதில் அக்கா வாடிக்கையாளர்களுடன் போனில் பேசுவாள். இருவரும் சம பங்குதாரர்கள் என்று கதவுப் பலகை சொல்கிறது. திரைச்சீலை அக்கா எடுத்தது. நாற்காலி அக்கா எடுத்தது. என் மூக்குக்கண்ணாடியும் அக்கா எடுத்ததுதான். எனக்கு முப்பத்தொரு வயது. ஒரு முறை சிவப்பாக ஒரு பூந்தொட்டி வாங்கி வைத்தேன். மறுநாள் அது வெள்ளையாக இருந்தது. மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதனால் இந்த எஸ்எஸ்டி எனக்கு வேண்டும். வேகத்துக்காகவும்தான்.

"என்ன விலை?" என்றாள் அக்கா.

சொன்னேன். நின்றுகொண்டிருந்தவள் உட்கார்ந்தாள்.

"இது என்ன பண்ணும்?"

"சீக்கிரம் பண்ணும்."

"எதை?"

"எல்லாத்தையும்."

"எல்லாத்தையும் சீக்கிரம் முடிச்சுட்டு நீ என்ன பண்ணுவ?"

"உன்கூடப் பேசுவேன்."

"அப்ப வேண்டவே வேண்டாம்."

நான் அவளை என் திரைக்கு முன் இழுத்துவந்தேன். அப்போது கையில் இருந்தது நாய்ப் பயிற்சிப் பள்ளி ஒன்றின் விளம்பரப் படம். ஆறு கேமராக்களில் எடுத்தது. அதில் ஒரு பழுப்பு நாய் ஓடிவந்து வளையத்தைத் தாண்டும். ஓட்டினேன். நாய் ஓடிவந்தது. எழும்பியது. வளையத்துக்குள் பாதி போனதும் படம் நின்றுவிட்டது. தலை அந்தப் பக்கம். வால் இந்தப் பக்கம்.

"பார்த்தியா? பழைய எஸ்எஸ்டியால ஆறு கேமராவை ஒரே நேரத்துல கொடுக்க முடியல. தினமும் இது இப்படித்தான் தொங்குது."

"பாவம், கால் மரத்துப் போயிருக்கும்" என்றாள் அக்கா.

"புதுசுல தாண்டும். ஸ்டாப்வாட்ச் வச்சு அளந்து காட்டுறேன்."

"ஸ்டாப்வாட்சுக்குத் தெரிஞ்சு என்ன பண்ண? வித்தியாசம் எனக்குத் தெரியணும். எது பழசு, எது புதுசுன்னு சொல்லாம ரெண்டையும் ஓட்டு. நான் சரியா கண்டுபிடிச்சா வாங்கலாம்."

"யார் மாத்திப் போடுறது? நான் போட்டா நம்பமாட்ட."

"மாட்டேன். அவரைக் கூப்பிடு."

அத்தான் கீழே மெத்தைக் கடையில் இருந்தார். அவருக்கு லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வேலை. அன்று விடுமுறை. விடுமுறையிலும் எதையாவது சோதிக்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. நான் போனபோது மூன்றாவது மெத்தையில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் செருப்பைத் தேடினார்.

"பாரபட்சம் இல்லாத ஆள் வேணும்னா நான்தான். ஆனா ஒண்ணு மச்சினி, சோதனை முடியற வரைக்கும் என்கிட்ட யாரும் பேசக்கூடாது."

"சாதாரணமா மட்டும் பேசவா விடுறாங்க உங்களை?" என்றேன்.

புது எஸ்எஸ்டியை ஒரு கேபிளால் வெளியிலிருந்து இணைத்து, நாய்ப் படத்தை அதில் நகல் எடுத்தேன்; ஓட்டிப் பார்க்கும் வேகம் அந்தக் கேபிளுக்குக் கிடையாது. கணினியின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றி, அது உட்காரும் இடத்தையும் மேலே மூடும் சிறு மூடியையும் அத்தானுக்குக் காட்டினேன். ஒரே ஒரு திருகு.

"இதுவா திருகு?" என்றார். அவர் பழகிய திருகுகள் கட்டைவிரல் தடிமன். இது எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது.

நானும் அக்காவும் மாடிப்படியில் போய் உட்கார்ந்தோம். முதல் சோதனைக்கு அத்தான் சீக்கிரமே கூப்பிட்டார். அவர் முகத்தைப் பார்த்து அக்கா கண்டுபிடித்துவிடுவாள் என்று திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கீழே செருப்பு மட்டும் தெரிந்தது.

நாய் ஓடிவந்தது. எழும்பியது. பாதியில் தொங்கியது.

"பழசு" என்றாள் அக்கா.

"முடிவு இப்பச் சொல்லக்கூடாது" என்றது திரைச்சீலை.

மறுபடி மாடிப்படி. இந்த முறை நேரம் ஆனது. உள்ளே ஏதோ உருண்டது. நாற்காலி நகர்ந்தது. அத்தான் யாரையோ திட்டினார். உள்ளே அவரைத் தவிர யாரும் இல்லை.

"என்னங்க, என்ன விழுந்துச்சு?"

"ஒண்ணும் விழல!"

இன்னொரு முறை உருண்டது.

"இப்ப?"

"அதேதான்! ஒண்ணும் விழல!"

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. ஸ்டூடியோ ஆரம்பித்த பிறகு நாங்கள் இருவரும் அந்தப் படியில் சும்மா உட்கார்ந்ததே இல்லை.

இரண்டாம் சோதனை. அத்தான் முன்பே திரைச்சீலைக்குப் பின்னால் போயிருந்தார். ஓட்டினேன். நாய் ஓடிவந்தது. எழும்பியது. வளையத்துக்குள் முழுதாகப் புகுந்து அந்தப் பக்கம் இறங்கியது. காதை உதறியது. பயிற்சியாளர் கையிலிருந்து பிஸ்கட்டை வாங்கியது. இத்தனை நாளில் நானே அந்த பிஸ்கட்டைப் பார்த்தது அப்போதுதான்.

அக்கா கை தட்டினாள்.

"மறுபடி போடு!"

நாய் மறுபடி தாண்டியது.

"இன்னொரு தடவை!"

தாண்டியது. அக்காவும் இருந்த இடத்திலேயே ஒரு குதி குதித்தாள். "ஏய் சின்னது, பறக்குதுடீ! இதுதான் புதுசு! இதுகூடத் தெரியாம இருக்க நான் என்ன குருடா? என்னங்க, நான் சொன்னது சரியா?"

திரைச்சீலைக்குக் கீழே செருப்பு இரண்டும் சுவர்ப் பக்கம் திரும்பின.

நானும் குதித்திருப்பேன். ஆனால் நாய்க்கு மேலே ஒரு பச்சைக் கோடு இருந்தது.

எங்கள் மென்பொருளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காட்சி திக்கிய பிறகு யாரும் கொஞ்ச நேரம் கணினியைத் தொடாமல் இருந்தால், அதைத் தானே தயார் செய்து அதே எஸ்எஸ்டியில் போட்டுவைக்கும். தயாரான பகுதிக்கு மேல் பச்சைக் கோடு விழும். அடுத்த முறை திக்காமல் ஓடும். படத்தில் எதையாவது மாற்றினால் கோடு போய்விடும், நான் தினமும் எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பேன். முதல் சோதனையில் நாய் தொங்கியது, அதன் பிறகு நாங்கள் படியில் உட்கார்ந்திருந்த நேரத்தில் மென்பொருள் அதைத் தயார் செய்திருக்கிறது. புது எஸ்எஸ்டியில் இந்தப் படத்தை யாரும் ஓட்டியதே இல்லை. அங்கே பச்சைக் கோடு இருக்க வழியில்லை.

அக்கா கடைக்கார அண்ணனுக்குப் போன் போடத் தன் அறைக்கு ஓடினாள். நான் திரைச்சீலையை விலக்கினேன். அத்தான் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

"அத்தான்."

"சோதனை முடிஞ்சுது. என்கிட்ட பேசலாம்."

"ரெண்டு தடவையும் பழசுதான் ஓடுச்சு."

"மெதுவாப் பேசு" என்றார். "புதுசோட முதுகுல இருக்கிற தகடு மூடிக்குள்ள போகவே மாட்டேங்குது. அழுத்தினா உடைஞ்சிடும்போல இருக்கு. திருகு ஒரு தடவை தரையில விழுந்துச்சு, ஒரு தடவை என் சட்டைப் பைக்குள்ள விழுந்துச்சு. பையில இருக்குன்னு தெரியாம மேசைக்குக் கீழ தேடிட்டிருந்தேன். வேற வழியில்லாம பழசையே மாட்டிட்டேன்."

"சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள உங்க அக்கா கை தட்டிட்டா. கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் செஞ்ச வேலைக்கு அவ கை தட்டினது இதுதான் முதல் தடவை."

"அதுவும் நீங்க செய்யாத வேலைக்கு."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "உனக்கு அது வேணுமா, வேண்டாமா?"

"வேணும்."

"அப்ப ஏன் என்னை விசாரிச்சுட்டிருக்க?"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். சிரிப்பு அடங்கவில்லை. மேசையில் புது எஸ்எஸ்டி அதன் பெட்டிக்குள் சமர்த்தாகப் படுத்திருந்தது. அது வேகமானது. எனக்குத் தெரியும். அதாவது, அப்படிப் படித்திருக்கிறேன். அதில் அந்த நாய் தாண்டுமா என்று என் கண்ணால் பார்க்கவில்லை. அந்த மூடியே இல்லாமல் மாட்டலாம். பத்து நிமிட வேலை. ஆனால் இப்போது வாயைத் திறந்தால் அக்கா இந்தக் கதையை எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்வாள், அடுத்த எஸ்எஸ்டியையும் அவளே எடுப்பாள். திறக்காவிட்டால், நான் தேர்ந்தெடுத்த ஒரே பொருளை எங்கள் அக்கா பழைய எஸ்எஸ்டியின் வேகத்தில் மயங்கி வாங்கியிருப்பாள்.

பக்கத்து அறையில் அவள் குரல் உச்சத்தில் இருந்தது. "நாய் அப்படியே வழுக்கிட்டுப் போகுதுண்ணா! நான்தான் கண்டுபிடிச்சேன்... ஆமா, நானேதான்... யாரு, இதைக் கேட்ட இன்னொருத்தரா? கடையிலேயே நிக்கிறாரா? இருங்கண்ணா, ஒரு நிமிஷம்."

போனை உள்ளங்கையால் மூடியபடி வாசலில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. நெற்றியில் முடி கலைந்திருந்தது. அத்தானைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மேசையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் மாறியது. அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை.

"நான் பாட்டுக்கு ஆடிட்டிருக்கேன்" என்றாள். "இதுல எனக்கு என்னடீ தெரியும்? கம்ப்யூட்டர்ல உட்கார்றவ நீ. எப்பவும் நானே முடிவு பண்ணிடுறேன். இந்தத் தடவை நீ சொல்றதுதான். உன் கண்ணால பார்த்தியே, சொல்லு, வாங்கலாமா?"