வராத வண்டிகள்

போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது அந்த இன்சூரன்ஸ் கிளை. அங்கே வேலை பார்க்கும் ஜெயராணிக்குச் சென்னை அலுவலகத்திலிருந்து சந்திரமோகன் சார் ஒரு வேலை கொடுத்திருந்தார். தீவுகளில் டாக்சியாக ஓடுகிற இரண்டு கார்களில், ஜுக்னுவா மயூராவா, எதை நம்பிப் பிரீமியத்தைக் குறைக்கலாம்? வண்டி ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் எஃப்.சி. சோதனையில் கடந்த ஒரு வருஷத்தில் எந்த வண்டி எத்தனை முறை தேறவில்லை என்று எடுத்துக் கொடுத்தால் போதும். அடிக்கடி தேறாத வண்டிதான் அடிக்கடி மோதும் என்பது அவருடைய கணிப்பு.

ஒரே மதியத்தில் பட்டியல் முடிந்துவிட்டது. போர்ட் பிளேரில் இரண்டு கார்களும் ஏறக்குறைய சமம். கப்பலில் போக வேண்டிய ஹட் பேயில்தான் விசேஷம். அங்கே பதினான்கு மயூராவில் நான்கு தேறவில்லை. ஜுக்னு ஒன்பது வந்திருந்தது, ஒன்பதும் தேறியிருந்தன. சந்திரமோகனுக்கு ஏக சந்தோஷம். ஹட் பே ஜுக்னுக்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி தரலாம், குறிப்பு எழுதி அனுப்பும்மா என்றார்.

ஜெயராணிக்கு எழுதக் கை வரவில்லை. ஷாதிபூரில் அவள் வீட்டு ஜன்னல் கம்பியே உப்புக் காற்றில் மூன்று வருஷம் தாங்குவதில்லை. கடலையொட்டியே ஓடுகிற கார்களுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லையென்றால் எப்படி? பாலிசி புதுப்பிக்கும் வேலையும் ஹட் பேயில் இருந்தது. அதைச் சாக்காக வைத்துக் கப்பலேறினாள். வழியெல்லாம் வாந்தி. துறைமுக ஜெட்டியில் இறங்கியதும் வேண்டுமென்றே ஒரு ஜுக்னுவைத் தேடிப் பிடித்து ஏறினாள்.

ஓட்டுநர் பெயர் நாகராஜ். நாற்பது வயதிருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பம். தோட்டத்து வேலை போன பிறகு கார் வாங்கியிருந்தார். நிதானமான மனுஷர்தான், ஆனால் ஓட்டும் விதம் விசித்திரமாக இருந்தது. வளைவு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கியரைக் குறைத்தார். நடுரோட்டில் படுத்திருந்த மாட்டுக்கு வெகுதூரத்திலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். டீக்கடை வந்ததும் கடை முன்னால் நிறுத்தாமல் பக்கத்து மேட்டில் ஏற்றினார். கார் தானாகவே மூச்சு வாங்கி நின்றது.

"பிரேக் இல்லையா?" என்று கேட்டாள் ஜெயராணி.

"இருக்குங்க மேடம். கொஞ்சம் யோசிச்சுப் பிடிக்கும்."

எஃப்.சி. காட்டவில்லையா என்று கேட்டதற்கு, மெக்கானிக் லூர்து அண்ணன் இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். தான் யார் என்பதை ஜெயராணி அப்போதுதான் சொன்னாள். நாகராஜ் டீக்கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, எதுவானாலும் அவரையே கேட்டுவிடுங்கள் என்று ஒர்க் ஷாப்புக்கு வழிகாட்டினார். பக்கத்தில்தான். இருவரும் நடந்தே போனார்கள்.

லூர்துநாதன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஒரு காருக்கு அடியில் கிடந்தவர் தலையை மட்டும் வெளியே நீட்டினார். எஃப்.சி. அதிகாரிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கப்பலில் வந்து முகாம் போடுவார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் தேதி நெருங்கிய ஜுக்னு எல்லாம் இவரிடம் வந்துவிடும். தேறும் என்று இவர் சொன்னால்தான் முகாமுக்குப் போகும்.

"தேறாத வண்டிய எதுக்கு அங்க அனுப்பணும்? அவுகளுக்கும் சிரமம், நமக்கும் சிரமம்லா," என்றார்.

மயூரா எல்லாம் அரசாங்க அலுவலகங்களுக்கு வாடகைக்கு ஓடுபவை. தேதி தவறினால் ஒப்பந்தம் போய்விடும். அதனால் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே போய் நிற்கும். ஜெயராணி தன் பாலிசிப் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். ஹட் பேயில் ஜுக்னு முப்பத்தொன்று. முகாமுக்குப் போனது ஒன்பது. மீதி இருபத்திரண்டும் சென்னையின் கணக்கில் இல்லவே இல்லை. அதில் ஒன்றில்தான் அவள் இத்தனை நேரம் உட்கார்ந்து வந்திருக்கிறாள். பயமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

அந்த இருபத்திரண்டுக்கும் என்ன கோளாறு என்று கேட்டாள். நம்பரைச் சொன்னால் ஊருக்குள் நடமாட முடியாது என்று லூர்துநாதன் மறுத்தார். நம்பர் வேண்டாம், நோயை மட்டும் சொல்லுங்கள் என்றாள். அதற்கு அவர் தயார். பதினேழு வண்டிக்குப் பிரேக் பைப் துருப் பிடித்திருக்கிறது. மீதி ஐந்துக்குச் சில்லறைக் கோளாறுகள். மயூராவில் அந்தப் பைப் உள்ளே மறைவாகப் போகும். ஜுக்னுவில் அடியில் வெளியே தெரியும்படி போகிறது. சாலையின் உப்புத் தண்ணீரெல்லாம் அதன் மேல்தான். மாற்றலாம் என்றால் பைப் மெயின்லேண்டிலிருந்து வரவேண்டும். ஒன்று இரண்டுக்காக எந்தக் கடைக்காரரும் ஆர்டர் போடுவதில்லை.

பைப் மாற்றும் வரை காரை எடுக்கக் கூடாது என்று நாகராஜிடம் கண்டிப்பாகச் சொன்னாள். அவர் எதிர்த்துப் பேசவில்லை. சாவியை லூர்துநாதனிடம் கொடுத்துவிட்டு, அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு ஊர் பஸ்ஸில் லாட்ஜ் வரை கூடவே வந்தார்.

திரும்பி வந்து எழுதிய குறிப்பில் 'வராதவை' என்று புதிதாக ஒரு பத்தி சேர்த்திருந்தாள். சந்திரமோகன் உடனே போன் செய்தார்.

"வராத வண்டிக்கு எப்படிம்மா மார்க் போடறது?"

"அதுக்குத்தான் சார் முதல்ல போடணும்."

தள்ளுபடி பேச்சு அத்தோடு நின்றது. எஃப்.சி. இல்லாமல் ஓடினால் கிளெய்ம் சிக்கலாகும் என்று இருபத்திரண்டு பேருக்கும் கடிதம் போனது. கடிதத்தோடு விட்டால் நீதான் காட்டிக்கொடுத்தாய் என்று எல்லோரும் லூர்துநாதனைத்தான் போய்ப் பிடிப்பார்கள் என்று ஜெயராணிக்குத் தெரியும். பஜாரில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் வைஜெயந்தியிடம் பேசி, பதினேழு பைப்பையும் ஒரே ஆர்டராகப் போட வைத்தாள். மூன்றாவது வாரம் அவை ஹட் பே கப்பலில் ஏறின.

அடுத்த முகாமுக்கு, வராமலிருந்த இருபத்திரண்டில் இருபது ஜுக்னு வந்தன. ஆறு தேறவில்லை. சென்னையில் அதைப் பார்த்துப் பதறிப்போன சந்திரமோகன், ஒரு குறையும் இல்லாமலிருந்த வண்டிக்குத் திடீரென்று என்ன ஆனது என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை சார், இப்போதுதான் வர ஆரம்பித்திருக்கிறது என்று அவள் பொறுமையாக விளக்கினாள். எல்லாத் தீவுக்கும் அந்தப் பத்தியைச் சேர்க்கச் சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். இன்னும் எத்தனை கப்பலோ என்று நினைத்தபடி அவள் வாந்தி மாத்திரை வாங்கப் படியிறங்கினாள்.

அன்று சாயங்காலம் நாகராஜ் போனில் கூப்பிட்டார். தேறாத ஆறில் அவருடையதும் ஒன்று.

"பிரேக் பாஸ் மேடம், ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ். வைப்பர்தான் ஃபெயில்," என்றார்.

குரலில் வருத்தமே இல்லை. முகாம் கிளம்புவதற்குள், திங்கட்கிழமையே வைப்பர் மாற்றி மறுபடி காட்டப் போகிறாராம்.