மேகத்துக்கு ஒரு நாற்காலி

மார்ச் 12. தப்பு என்னுடையதுதான். அக்கா முதன்முதலாக மேடையில் பாடப்போகும் நிகழ்ச்சியின் இணையதளத்தில், போன வாரம் இருக்கை முன்பதிவுப் படிவத்தைச் சேர்த்தேன். இணையதளம் செய்யக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் சொன்னபடி ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பிச் சோதித்தேன். நாற்பது இருக்கைகளுக்கும் நாற்பது கற்பனைப் பெயர்கள்: மேகம், தூங்குமூஞ்சி விளக்கு, ஈரக்குடை... எழுத எழுத அவர்கள் ஒவ்வொருவராக வந்து உட்காருவது போலவே இருந்தது. அந்த மயக்கத்தில் அழிக்க மறந்துவிட்டேன். எதையும் இரண்டு முறை சரிபார்க்கிறவன் என்று எனக்கு நினைப்பு வேறு.

இன்று மாலை அக்கா ஓடிவந்தாள். "டேய், அரங்கு நிறைஞ்சிடுச்சுன்னு போட்டிருக்கு! கையும் ஓடல, காலும் ஓடல."

பட்டியலைத் திறந்து காட்டினேன். படிக்கப் படிக்க அவள் முகம் வாடியது.

"அப்போ ஒருத்தர்கூட வரலையா?"

"வந்தாங்கக்கா. இடமே இல்லையான்னு மூணு பேர் எழுதிக் கேட்டிருக்காங்க. நான்தான் கதவைச் சாத்திட்டேன்."

"நிஜ ஆளுங்களா?"

"சத்தியமா."

மூன்று பெயர்களையும் வாய்விட்டு இருமுறை படித்தாள். பிறகு என் தலையில் ஒரு குட்டு. "எல்லாத்தையும் அழி, எருமை. அந்த மேகம் மட்டும் இருக்கட்டும். முதல் பாட்டை அதைப் பார்த்துப் பாடிடறேன், பயம் தெரியாது."

முப்பத்தொன்பதை அழித்தேன். கடைசி வரிசை ஓரத்தில் மேகம் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

நாளை முதல் வேலை: அந்த மூவரிடமும் மன்னிப்புக் கேட்டு, இடம் இருக்கிறது என்று எழுத வேண்டும்.