உறைபனியில் போட்ட கட்டு

போன வருஷம் டென்மார்க்கிலிருந்து இங்கெர்லிஸ் அனுப்பிய லாரியின் கதவை ஜெர்மனியின் பவேரியாவில் திறந்தபோது, உள்ளே அடுக்கியிருந்த கிறிஸ்துமஸ் மரங்கள் கல்யாண வீட்டில் குடித்துவிட்டுக் கிளம்பிய கூட்டம் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. பாதி மரங்களுக்கு நுனி ஒடிந்திருந்தது. நட்சத்திரம் செருக நுனி இல்லாத மரத்தை அடுப்பைத் தவிர யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. வாங்கவேண்டிய ஹின்டர்மையர் வந்த வண்டியை அப்படியே திருப்பிவிட்டார். இந்த வருஷம் பரீட்சைக்கு ஒரே ஒரு லாரி எடுத்துக்கொள்வதாகவும், அது நிமிர்ந்து வந்து சேராவிட்டால் போலந்துக்காரர்களிடம் போய்விடுவதாகவும் சொல்லியிருந்தார்.

ஜட்லாந்துக் குன்றின் சரிவில் நின்ற மரங்களோ யாருக்காகவும் வளர்ச்சியை நிறுத்தி வைக்கவில்லை. வீட்டுக் கூடத்துக்குள் அடங்கும் உயரத்தைத் தொட்டுவிட்டன. இன்னொரு வருஷம் விட்டால் ஊர்ச் சதுக்கத்தில் நிறுத்தத்தான் லாயக்கு. டென்மார்க்கில் அத்தனை சதுக்கங்கள் கிடையாது. ஆகவே அந்த ஒரு லாரி சரியாகப் போய்ச் சேர்ந்தால்தான் தோட்டம்.

தோட்டத்தில் சரிபாதிக்குச் சொந்தக்காரன் இங்கெர்லிஸின் தம்பி ப்ரெபன். குற்றமெல்லாம் லாரி டிரைவர் மீதும், மர அடுக்குகளைக் கட்டிய மலிவு பிளாஸ்டிக் பட்டை மீதும்தான் என்பது அவன் கட்சி. இம்முறை இரும்புப் பட்டை போட்டுவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்றான். பட்டை வியாபாரி ஸ்வெனிங் வேனோடு வந்து சேர்ந்தபோது, எதை வாங்குவது என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது போல அவன் பேசிக்கொண்டிருந்தான்.

ஸ்வெனிங்குக்கு வேறு முடிவு இருந்தது. பாலியெஸ்டர் பட்டையும் அதைப் போடும் பேட்டரி மிஷினும். பொத்தானை அமுக்கினால் மிஷின் தானே இழுத்து, உருக்கி ஒட்டி, மிச்சத்தை வெட்டியும் விடும். சரக்கு கொஞ்சம் சுருங்கினால் பட்டையும் கூடவே சுருங்கிப் பிடிக்கும் என்றார். இரும்புக்கு அந்தக் குணம் கிடையாதாம். பிறகு விலையைச் சொன்னார். இங்கெர்லிஸ் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் பேரம் பேசுவது அப்படித்தான். யார் முதலில் வாயைத் திறக்கிறாரோ அவர் இறங்குவார். ஸ்வெனிங் காபியைக் குடித்து முடித்தார், இரண்டாவது கோப்பையையும் முடித்தார், அப்புறம் இறங்கினார்.

அவள் சரி என்று சொல்லவில்லை. வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். மூலையில் வெள்ளையாக ஒரு ரோல் கிடந்தது. நெய்த நாடா, கம்பியில் வளைத்த பக்கிள், கையால் இழுத்து இறுக்கும் ஒரு கருவி. அது என்ன என்று கேட்டதற்கு, படகுக்காரர்கள் வாங்குவது, உங்களுக்குத் தேவைப்படாது என்றார் ஸ்வெனிங். லாபம் குறைந்த சரக்கைப் பற்றிப் பேசும்போது எல்லா வியாபாரிக்கும் வரும் குரல் அது. இங்கெர்லிஸுக்கு அந்தக் குரல் புரியும். மூன்றிலும் ஒவ்வொரு அடுக்கு கட்டிப் பார்த்துவிடலாம் என்றாள்.

"இது என்ன, கைக்குழந்தைக்கு இடுப்புல கட்டுற நாடாவா?" என்றான் ப்ரெபன்.

"உனக்குக் கட்டினப்போ தாங்குச்சே. இதுக்கும் தாங்கும்."

மறுநாள் காலை ஸ்வெனிங் வேனோடு மறுபடி வந்தபோது புல்லெல்லாம் உப்புத் தூவியது போல உறைபனி. எப்போதும் கட்டும் நேரம் அதுதான். ஏற்றும் நாளில் லாரி மதியத்துக்குமேல் வரும். நவம்பரில் அதற்கப்புறம் தொடங்கினால் இருட்டிவிடும். வலை சுற்றிய மரங்களை நுனி உள்பக்கமாக அடுக்கி, அழுத்தி, மூன்று அடுக்கு கட்டினார்கள். ப்ரெபன் இரும்பை இழுத்த இழுப்பில் மரங்கள் முனகின. அந்தப் பட்டைக்குள் நகம்கூட நுழையாது என்று தட்டிக் காட்டினான். பிறகு கறுப்பு ரொட்டியும் ஈரல் விழுதும் சாப்பிட உள்ளே போனார்கள்.

திரும்பி வந்தபோது வெயில் ஏறி, கொட்டகை ஓரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. ப்ரெபன் ஈரக் கையுறைகளைக் கழற்றிக் காயட்டும் என்று கண்ணுக்குப் பட்ட இடத்தில் செருகினான். இங்கெர்லிஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ப்ரெபன், உன் கிளவுஸை எதுல செருகியிருக்க?"

அவன் திரும்பிப் பார்த்தான். இரும்புப் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் இரண்டு கையுறைகளும் சௌகரியமாகத் தொங்கின.

"இளகியிருக்கு," என்றான் மெதுவாக. "காலைல நகம்கூடப் போகல அக்கா."

"காலைல கிளையெல்லாம் விறைச்சுக் கிடந்தது. நாம மரத்தைக் கட்டல, பனியைக் கட்டியிருக்கோம். பனி போயிடுச்சு."

"போன வருஷம் அந்த டிரைவர்…"

"இன்னைக்கு டிரைவரே வரல, தம்பி."

பாலியெஸ்டர் பட்டை பாதி தூரம் கூடவே சுருங்கி வந்திருந்தது. ஆனாலும் விரல் நுழைந்தது. இனி இதை இறுக்க வழி உண்டா என்று ஸ்வெனிங்கைக் கேட்டாள். ஒட்டினது ஒட்டினதுதான், அறுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றார். நாடாவும் இளகித்தான் இருந்தது. அதற்கு?

ஸ்வெனிங் குடும்ப ரகசியத்தைச் சொல்பவர் போலத் தொண்டையைச் செருமினார். "அதே பக்கிள்ல இன்னொரு தடவை இழுக்கலாம். எத்தனை தடவை வேணும்னாலும் இழுக்கலாம்."

கருவியை எடுத்து ப்ரெபன் கையில் கொடுத்தாள். அவன் நான்கு இழுப்பு இழுத்தான். நாடா விறைத்தது, பக்கிள் கடித்துப் பிடித்தது. ஓங்கி ஒரு உதை விட்டான். அடுக்கு அசையவில்லை. ஜட்லாந்து வழக்கப்படி, "மோசமில்ல," என்றான். அதற்குமேல் அங்கே பாராட்டு கிடையாது. ஸ்வெனிங் பேட்டரி மிஷினை வேனுக்குள் திரும்ப வைத்தார்.

லாரி வந்த நாளன்று காலையில் நாடாவால் கட்டி, பனி இளகும்வரை காத்திருந்து, ஒவ்வொரு அடுக்கையும் மறுபடி இறுக்கிய பிறகுதான் ஏற்றினார்கள். ஏற்றிவிட்ட பிறகு இங்கெர்லிஸுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. தொலைபேசி மணி அடித்தபோது அடுப்பில் உருளைக்கிழங்கு தீய்ந்துகொண்டிருந்தது.

ஹின்டர்மையர்தான். வணக்கம்கூடச் சொல்லவில்லை, ஒரு புகார் என்றார். இங்கெர்லிஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"என் ஆளுங்க நாலு பேர் காலைலேர்ந்து உங்க கட்டோட மல்லுக்கட்டுறாங்க. அவிழவே மாட்டேங்குது. எப்படி அவிழ்க்கிறதுன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா?"

"மரம் எப்படி இருக்கு?"

"மரத்துக்கென்ன? அது பாட்டுக்கு நிக்குது. அடுத்த ரெண்டு லாரியிலயும் அறுக்கிறதுக்கு ஏதாவது வெச்சு அனுப்புங்க."

ரெண்டா என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் குறைந்துவிடுமோ என்று பயம். அனுப்பி வைக்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு, ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போய்த் தம்பியிடம் சேதியைச் சொன்னாள். ப்ரெபன் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு சரிவைப் பார்த்தான்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து வெட்டட்டும்?"

"உசந்ததுலேர்ந்து ஆரம்பி," என்றாள் இங்கெர்லிஸ். "அதுங்களுக்குத்தான் அவசரம்."