கை தூக்க வந்த மச்சினன்

எதிர்வீட்டுப் பெயின்டருக்கும் அவர் மச்சினனுக்கும் ஆகாது என்பது தெருவுக்கே தெரியும். ஒரு வேலையின்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற மச்சினன் போன் வந்ததும் கையை விட்டான், ஏணி சரிந்தது, மாமா ஜன்னல் கம்பியை ஒற்றைக் கையால் பற்றித் தொங்கினார். விழவில்லை. ஆனால் வலது தோளின் தசைநார் எலும்பிலிருந்து பிய்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் தைத்துவிட்டார்கள். தோள் என்பது ஒரு பந்தாம். தன்னைவிடச் சின்னக் கிண்ணத்தில் ஒண்டிக்கொண்டிருக்கிறதாம். சுற்றிலும் நாலு தசைகள் இழுத்துப் பிடிப்பதால்தான் நழுவாமல் இருக்கிறதாம். தைத்த நார் எலும்போடு ஒட்டும்வரை அவராகக் கையைத் தூக்கக் கூடாது. தோள் இறுகிப்போகாமல் இருக்க இன்னொருவர்தான் தூக்கிவிட வேண்டும் என்றார் டாக்டர். மீறினால் தையல் பிரியும். பிரிந்தால் அப்புறம் அந்தக் கைக்குச் சீலிங் எட்டாது, தொழில் போச்சு.

பெயின்டரின் மனைவி வேலைக்குப் போகிறவள். "ஏணிய விட்டவன் நீதானே, நீயே வந்து தூக்கு" என்று தம்பியை நியமித்துவிட்டாள்.

நேற்று ஸ்க்ரூடிரைவர் கேட்கிற சாக்கில் உள்ளே போனேன். பெயின்டர் கட்டிலில் மல்லாந்திருந்தார். மச்சினன் குனிந்து அவர் முழங்கையை ஏந்தி, மெல்ல உயர்த்திக்கொண்டிருந்தான்.

"லூசா விடு மாமா. நீயா தூக்காத."

"உன்ன நம்பினவன் கதிதான்டா இது."

"எத்தன தடவ சொல்லிக் காட்டுவ?"

"சாகற வரைக்கும்."

அவனுக்கும் பொறுக்கவில்லை. "மாடி வீட்டு வேலைய நான் எடுத்துட்டேன். நீ சொன்ன கலரு வாந்தி மாதிரி இருக்குன்னாங்க, மாத்திட்டேன்."

அது பெயின்டர் மாசக்கணக்கில் பேசி முடித்து வைத்திருந்த வேலை. மனிதர் வலது கையை உருவி ஓங்கப் பார்த்தார்.

மச்சினன் இரண்டு கையாலும் முழங்கையை இறுக்கிக்கொண்டான். "தையல்! தையல்! அடிக்கணும்னா இடது கையால அடி!"

அடித்தார். குனிந்திருந்தவன் கன்னம் வாகாகத்தான் இருந்தது. கையை விட்டால்தானே அவன் முகத்தை மறைக்க முடியும்? விட்டால் மாமாவின் கை தொபுக்கென்று விழும். விடவில்லை. இன்னொன்றும் வாங்கிக்கொண்டான்.

பிறகு அங்குலம் அங்குலமாகக் கையை இறக்கி, கழுத்திலிருந்து தொங்கும் தூளிப் பட்டையில் வைத்து, பெல்ட்டை மாட்டினான். அறை வாங்கியதில் அவன் கண்ணில் நீர் முட்டியது. வாயில் வந்ததை எழுத முடியாது.

"தோள்ல வலிக்குதா?"

"இல்லடா."

"சுளீர்னு வெட்டி இழுத்த மாதிரி ஏதும்?"

"இல்லங்கறேன்ல!"

"நல்லா ஒட்டட்டும். ரெண்டு கையும் சரியானப்புறம் வச்சுக்கறேன் உன்ன."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கத்தினான்: "சாயங்காலம் வருவேன். தூங்கித் தொலைக்காத!"