பேனாவை எப்போது நீட்டுவது?

மூத்த நர்ஸ் ஒப்புதல் படிவத்தை நீட்டினால் நோயாளிகள் தயங்குவார்கள். புதிதாக வந்த சின்ன நர்ஸிடமோ மளமளவென்று கையெழுத்திடுவார்கள். ஏனென்று புரியாமல் மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. இன்று பித்தப்பை அறுவைக்கு வந்த பெரியவரும் அவளிடம் மறுத்துவிட்டார். சின்னவள் அவரிடம் போனதும், "அப்படி என்ன மந்திரம் போடுறாளோ!" என்று மூத்தவள் பக்கத்துக் கட்டிலில் விரிப்பை மாற்றுவதுபோல் காதைத் தீட்டிக்கொண்டாள்.

சின்னவள் பேனாவையே எடுக்கவில்லை. "ஐயா, உங்களுக்கு என்ன பண்ணப் போறாங்க? நீங்க சொல்லுங்க."

"வயித்தைக் கிழிச்சுக் கல்லை எடுப்பாங்க."

"கிழிக்கலைய்யா, சின்னதா நாலு துளைதான். ஆனா கல்லோட பையையும் எடுத்துடுவாங்க. வேண்டாம்னா தாராளமா மறுக்கலாம்."

பெரியவர் ஏதேதோ கேட்டார். கடைசியில் எல்லாவற்றையும் தன் வாயாலேயே சரியாகத் திருப்பிச் சொன்னார். பிறகு அவரே பேனா கேட்டார்.

'இவ்வளவுதானா!' மூத்தவளுக்கு இன்னும் எரிந்தது. விளக்கிச் சொன்னால் போதாது. நோயாளி அதைத் தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகே பேனாவை நீட்ட வேண்டும்.